சைல்டு ஊடு

இன்று தளி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மேரிதானே நீ?"

ரத்னம்மா! அறுபத்தெட்டில் ஓசூரில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவள்.

அந்த வருடம் இங்கிலீஷ் நான்-டீடெயில் முழுக்கக் குழந்தைப் பருவக் கதைகள். பனிப்பொம்மை, மரக்குதிரை, பிறந்தநாள் கேக். எங்களில் ஒருத்தியும் அதில் எதையும் கண்ணால் பார்த்ததில்லை.

'சைல்டுஹூட்' என்றால் என்ன என்று சார் கேட்டார். ரத்னம்மா எழுந்து, "புள்ளைங்க இருக்கற ஊடு சார்" என்றாள். எங்கள் பக்கம் வீடு என்றால் ஊடுதானே. வகுப்பே சிரித்தது.

அந்தப் புத்தகம் முடிவதற்குள் அவளை ஜவளகிரிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

"இப்ப எங்க போற?" என்றேன். அவள் மடியில் ஒரு துணிப்பை.

"பெரியவன் ஊட்ல ஒரு மாசம் முடிஞ்சிது. சின்னவன் ஊட்டுக்குப் போறேன். அங்க மாசம் முடிஞ்சா திரும்ப இதே பஸ்ஸுதான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"சைல்டு ஊடுதான் கெடைக்கல மேரி. ஓல்டு ஊடாச்சும் கெடைக்கும்னு நெனச்சேன்."

இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். இதற்குத் தப்புப் போட எனக்குக் கை வரவில்லை. உங்களில் யாருக்காவது வந்தால் சொல்லுங்கள்.