முகர்ந்து பார்த்த மாப்பிள்ளை

திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் வல்லரசுக்கு முப்பத்திரண்டு வயது. குடி கிடையாது, பீடி கிடையாது. பழைய மடக்குக் கத்தியைக் கண்டால் மட்டும் ஆள் நிதானத்தில் இருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டேரிப்பட்டு காயலான் கடையில், இரும்புக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான். பிஸ்கட் டப்பாவில் நாற்பத்தோரு கத்தி சேர்த்திருக்கிறான். எந்தக் கத்தியைக் கொடுத்தாலும், கைப்பிடி அதனுடையதா, பிறகு மாட்டியதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். சொல்வதுகூடப் பரவாயில்லை, கத்திக்காரர் முகத்துக்கு நேரே சொல்லுவான்.

அப்படிச் சொல்லித்தான் அனந்தபுரத்தில் ஒரு சம்பந்தம் போயிற்று. பெண்ணின் தாய்மாமன் ஆசையாய் நீட்டிய கத்தியைப் பார்த்து, "கைப்பிடி டூப்ளிகேட்டுங்க, எவனோ கண்ண மூடிக்கினு மாட்டியிருக்கான்" என்றான். மாட்டியது அந்தத் தாய்மாமனே. அடுத்து வந்த இரண்டு இடங்களும் ஊரில் விசாரித்துவிட்டு, பையன் எடுத்தெறிந்து பேசுவானாமே என்று நழுவிக்கொண்டன.

நாலாவது இடம் விழுப்புரம். போட்டோவில் சங்கவியைப் பார்த்த நாளிலிருந்து வல்லரசு லேத்தை ஓட்டிக்கொண்டே தனியாகச் சிரித்தான். இந்த இடமும் கைவிட்டுப் போனால் தாங்க மாட்டான், பாவம். பஸ்ஸில் அக்கா கிருஷ்ணவேணி அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"அங்க வந்து கத்தியப் பத்தி வாயத் தொறந்தேன்னு வெச்சுக்கோ, நான் எழுந்து வந்துகினே இருப்பேன்."

"பொண்ணு பார்க்கிற எடத்துல கத்தி எங்கக்கா வரப்போவுது?"

வந்தது. கேசரியும் காபியும் முடிந்ததும், பெண்ணின் அப்பா வேங்கடேசன் கொய்யாப்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப்பையில் கையை விட்டு, ஒரு மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார்.

"எங்கப்பா ரயில்வேல கேங்மேனா இருந்தப்போ வாங்கினது தம்பி. அறுபது வருசம் ஆவுது. எருமைக் கொம்புக் கைப்பிடி. ஒரு கீறல் இருக்குதா பாருங்க. வாரா வாரம் தேங்காண்ணெ தடவிக்கினு வர்றேன்."

பெருமையோடு அதை வல்லரசின் கையில் வைத்தார். தீட்டித் தீட்டி அலகு பாதியாய்த் தேய்ந்திருந்தது. கைப்பிடியின் ஓரங்களோ நேற்று அரம் போட்டதுபோல் இருந்தன. அறுபது வருடம் பிடித்த பிடி மழமழவென்று இருக்க வேண்டாமா? மூன்று ஆணியில் இரண்டு பித்தளை, நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாய் மின்னியது. அலகை ஒட்டிய உலோகப் பூணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும். வல்லரசுக்கு நாக்கு துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சத்தியம் வாய்க்குத்தானே, விரலுக்கு இல்லையே. கட்டைவிரல் பாட்டுக்குக் கைப்பிடியைப் பரபரவென்று தேய்த்தது. தேய்த்துச் சூடேற்றினால் கொம்பில் முடி கருகிய வாடை லேசாக வரும். மூக்கருகே கொண்டுபோனான். கப்பென்று மருந்து வாடை! கொம்பாவது ஒன்றாவது, குக்கர் கைப்பிடி செய்கிற பேக்லைட்!

மாப்பிள்ளை கத்தியை முகர்ந்து பார்ப்பதைக் கூடமே பார்த்தது. அக்கா அவன் தொடையைக் கிள்ளினாள். சமையலறை வாசலில் நின்ற சங்கவிக்கு முகம் வெளிறிவிட்டது.

"நல்லா... இருக்குதுங்க" என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தான்.

பெண்ணும் பிள்ளையும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். மேலே போனதும் சங்கவி பேர்கூடக் கேட்கவில்லை.

"கத்திய எதுக்கு மோந்து பார்த்தீங்க?"

"சளிங்க. வாசன தெரியுதான்னு பார்த்தேன்."

"பொய் சொல்றவர நான் கட்டிக்க மாட்டேன்."

வல்லரசு மாட்டிக்கொண்டான். சொன்னால் அக்காவின் தலை, சொல்லாவிட்டால் சங்கவியே இல்லை. அக்கா மன்னிப்பாள் என்று தைரியம் கொண்டு, ஒரே மூச்சில் கொட்டினான்.

"அது குக்கர் கைப்பிடிங்க. நடு ஆணி சைக்கிள் போக்ஸ் கம்பி. ஆனா செஞ்சவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. பூண் பக்கம் மட்டும் கொஞ்சம் ஜல்தி பண்ணிட்டான்."

"ஜல்தி பண்ணாம? மறுநாள் காலையில அப்பா சபரிமலையிலருந்து வர்றாரு!"

வல்லரசு வாயைப் பிளந்தான். அந்தக் கத்தியால் தான் பெயின்ட் டப்பா மூடியை நெம்பும்போது கொம்பு உடைந்துபோனதையும், மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்து பழைய குக்கர் பிடியை அராவியதையும் சங்கவி சொன்னாள்.

"நாலு வருசமா அதுக்கு எண்ணெ தடவிக்கினு இருக்காரு. பார்க்கச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்குது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் வந்தது. கீழே கேட்டுவிடுமே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து குலுங்கினார்கள். மூச்சு திரும்பியதும் வல்லரசு சொன்னான்:

"பட்டறையில நல்ல அரம் வெச்சிருக்கேங்க."

அதைவிட நல்ல காதல் வசனம் அவனுக்குத் தெரியாது.

"எத்தினி?"

"பதினாலு."

சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

கீழே வந்தால் வேங்கடேசன் கத்தியோடு காத்திருந்தார்.

"நம்ம கல்யாணத் தரகர் இப்பத்தான் போன்ல சொன்னாரு. கத்தி பார்க்கிறதுல நீங்க கில்லாடியாமே தம்பி? சொல்லுங்க, இது ஒரிஜினல்தானே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். படியில் நின்ற சங்கவி கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்தாள். கத்தி விஷயத்தில் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை வல்லரசு. இன்றைக்கு மட்டும் சொல்லுவானா? கத்தியை வாங்கி, இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தான்.

"நானும் எத்தினியோ கத்தி பார்த்துட்டேங்க. இந்த மாதிரி கைப்பிடி எங்கியும் பார்த்ததில்ல. யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க. எண்ணெ தடவறத வுட்டுடாதீங்க."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேங்கடேசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சமையலறைக்குள் ஓடிய சங்கவியின் கையிலிருந்து டம்ளர் ஒன்று விழுந்து உருள்கிற சத்தம் கேட்டது.

அக்காவும் தம்பியும் செருப்பைத் தேடினார்கள். வேங்கடேசன் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எதுக்கு நடந்துகினு? இருங்க மாப்ள, நானே வுட்டுட்டு வர்றேன்."