குழாயாய் உருட்டிய துண்டுத்தாள்

சிவகாசியிலிருந்து இருக்கன்குடிக்குச் சைக்கிள் பயணம் என்று அறிவித்தார்கள். சேர்த்துக்கொள்ளும் அளவைவிட ஆட்கள் பல மடங்கு வந்ததால், பெயரெழுதிய துண்டுத்தாள்களைக் குடத்தில் போட்டு எடுப்பதென்று முடிவானது.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெயரைச் சரியாக எழுதினேனா என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் என் தாள் கசங்கி உப்பிவிட்டது. மச்சான் பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிறவர். இந்தப் பயணத்துக்காகவே மாதக்கணக்கில் திருத்தங்கல் ரோட்டில் ஓட்டிப் பழகினார். கைப்பழக்கத்தில் தன் தாளையும் குச்சி மாதிரி இறுக்கி உருட்டிப் போட்டார்.

என் பெயர் வந்தது. கடைசியில் குடத்தைக் கவிழ்த்தபோது அவருடைய தாள் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து விழுந்தது.

"தாளைப் போடச் சொன்னா வெடியப் போட்டிருக்கீகளே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நான் அவரிடம் போனேன்.

"என் பேர்ல நீங்க போங்க மச்சான்."

"மைக்குல உம்ம பேரக் கூப்பிட்டா நான் போயி நிக்கவா? ஊருக்கே என்னயத் தெரியும் மாப்ள."

நான் ஓட்டப்போகும் சைக்கிள் அவருடையதுதான். மறுநாள் ஸ்பானர் எடுத்து, சீட்டை என் உயரத்துக்கு இறக்கினார்.

"பிரேக் பிடிக்குமா மச்சான்?" என்று கேட்டேன்.