எழுபத்தொரு சதவீதம் அம்மா

அம்மா போன பிறகுதான், அவள் குரல் எங்கள் வீட்டில் எதிலும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. அடையாள அட்டைப் படம் இருக்கிறது. என் கல்யாண வீடியோவில் நாலு இடத்தில் வருகிறாள், யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் வீடியோ எடுத்த புண்ணியவான், தாலி கட்டியதிலிருந்து பந்தி முடியும் வரை எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். அம்மா வாயசைக்கிறாள், பாடுவது யாரோ ஒரு பெண். அந்தப் பாட்டை பஸ்ஸில் கேட்டால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

அவள் குரல் ஒரே ஒரு தடவை பதிவாகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் வானொலிக்காரர்கள் எங்கள் மலையகத்துப் பசறைக்கு வந்து, கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒலிவாங்கியை நீட்டி, விரும்பியவர்களைப் பேச வைத்தார்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அம்மாவும் பேசியிருக்கிறாள். எனக்கு அப்போது பதினாறு வயது, பதுளையில் பள்ளி விடுதியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவார்கள், கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள் என்று டவுனுக்கு வந்த தோட்டத்து ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடுதியின் சாப்பாட்டு அறையில் ரேடியோ இருந்தது. கூட இருந்தவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின், அரசாங்க உத்தியோகத்தர்களின் பிள்ளைகள். அம்மா பேசுகிறாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அறிவிப்பாளர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "நாங்க தோட்டத்துலேர்ந்து வாறோமுங்க" என்றாள் அம்மா. மேசைக் கோடியில் ஒருவன் அந்த "முங்க"வை இழுத்துச் சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய், கிரிக்கெட் வர்ணனை கேட்கலாம் என்று சொல்லி ரேடியோவைத் திருப்பிவிட்டேன். அன்றைக்கு என்ன ஆட்டம் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேம்மா. நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். அதன் பிறகு, நீ என்ன பேசினாய் என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்டதாகச் சொல்லிவிட்டேனே. அந்த ஒரு பொய், இருபது வருசம் போனாலும் அவிழ்க்க முடியாத முடிச்சாகிவிட்டது. அம்மா காலமான பின் அக்காவிடம் விசாரித்தேன். "ஒன்னப் பத்தித்தான் என்னமோ பேசுச்சு, மறந்துபோச்சுப்பா" என்றாள். தெரியாது என்று சொல்லியிருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைப் பற்றி என்று சொல்லிவிட்டாளே.

அப்போது நான் பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்துக்கொண்டு, வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தேன். கடைவீதியில் கணினி விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், நாங்கள் நானா என்போம், ஒரு பழைய கணினி வாங்கியிருந்தேன். இணைய இணைப்பும் வந்திருந்தது. பேச்சுவாக்கில் நானாதான் சொன்னார். வெளிநாட்டில் ஒருவர், காலமெல்லாம் கசெட்டில் பிடித்து வைத்த நம் வானொலி நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக டொரண்டில், அதாவது ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், போடுகிறாராம். நான் அந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னேன். அதுவும் வருகிறது என்றார். கடையில் நின்றபடியே அந்தத் தளத்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்த மனிதர் ஒழுங்காக நாள் கிழமை பார்த்துப் போடுபவரில்லை. தோன்றினால் போடுவார், ஏழெட்டு நாள் வைத்திருப்பார், பிறகு இடம் போதாமல் எடுத்துவிடுவார். அவர் கணினி அவருடைய காலைப் பொழுதில்தான் ஓடும். அது நமக்குப் பிற்பகல், நான் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டும் நேரம். அதனால் நான் இல்லாதபோதும் தானே பார்த்து, தானே இறக்கும்படி மென்பொருளை அமைக்க வேண்டியிருந்தது.

நானா வீட்டுக்கு வந்து ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் முழுக்க இருந்து அமைத்துக் கொடுத்தார். புதிதாக ஏதாவது போட்டால் அறிவிக்கும் ஓடை, அதுதான் ஃபீட், அதன் முகவரியை ஓரிடத்தில் கொடுக்க வேண்டும். எதை எடுக்கலாம் என்ற விதியை இன்னோரிடத்தில் எழுத வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு திறக்க, ரௌட்டருக்குள் போய் ஓர் எண்ணைப் பதிய வேண்டும். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நானா பொறுமைசாலி.

"தம்பி, இது கடையில முழுச் சாமானா வாங்குற மாதிரி இல்ல. துண்டு துண்டா வரும், வரிசையா வராது. வாலு முதல்ல வரும், தலை பிறகு வரும். உங்களுக்கு வந்ததும் மூடிட்டுப் போயிராதீங்க. எல்லாரும் எடுத்துட்டு மூடினாங்கண்டா, பின்னால வாறவனுக்கு ஒண்டும் இல்ல."

நானா போன மறுநாளே என் கைவரிசையைக் காட்டினேன். விதி எழுதும் கட்டத்தில் எதையோ அழித்துவிட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால், அந்த ஓடையில் இருந்த அத்தனையும் வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது. இந்திப் பாட்டு, விவசாய நிகழ்ச்சி, யாரென்றே தெரியாதவர்களின் மரண அறிவித்தல். அறிவித்தல்களை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. ஒன்றைக் கடைசிவரை கேட்டேன். பிறகு நிகழ்ச்சியின் பெயரை மட்டும் விதியாக எழுதி வைத்தேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் மற்றவர்களுடைய அம்மாக்களைக் கேட்டேன். ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று ஊர் ஊராக. தெமோதரையிலிருந்து ஒருவர், இந்தியாவுக்குப் போன தம்பி ஒரு கடுதாசியாவது போடட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தம்பி போட்டானா என்று எனக்கு இன்றுவரை கவலை. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது இதுவாக இருக்குமோ என்று காதைக் கொடுப்பேன், முடியும்போது வெறுமையாக இருக்கும். பேசியவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்களோ. நானா சொன்னபடி எதையும் மூடாமல் திறந்தே வைத்திருந்தேன்.

ஒக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அது வந்திருந்தது. பெயரிலேயே பசறைத் திருவிழா என்று போட்டிருந்தது. ஒன்பது சதவீதம். கொடுப்பவர் அந்த ஒரே மனிதர். நான் வரும்போது கணினி அணைந்து கிடந்தது, மறுபடி போட்ட பிறகுதான் இதைப் பார்த்தேன். அதற்கு முன் சுவரில் ஒரு பிளக்கும் இருக்கவில்லை. டிவி, பிரிட்ஜ், ரௌட்டர், தொலைபேசிக் கம்பி, எல்லாவற்றையும் மனைவி கழற்றித் தரையில் போட்டிருந்தாள்.

எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் ஒக்டோபர் பிற்பகல் என்றால் இடிதான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருந்தபோது, பக்கத்துக் காம்பிரா வீட்டின் ரேடியோவை, கொய்யா மரத்தில் கட்டியிருந்த ஏரியல் வழியாக மின்னல் இறங்கிக் கருக்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே சட்டம். முதல் உறுமல் கேட்டதும் வீட்டில் உள்ள எல்லாம் கழற்றப்பட வேண்டும். கடைசி இரண்டு வருசம் எங்களோடு இருந்தபோது, சமையலைக் கற்றுக்கொடுத்தாளோ இல்லையோ, மருமகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

மறுநாளும் இடி, மறுநாளும் கழற்றல். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். முப்பத்தாறு சதவீதத்தில் நிற்கும்போது நான் மனைவி மேல் பாய்ந்துவிட்டேன். ஒரு நாள் கழற்றாவிட்டால் வீடு எரிந்தா போகும் என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை.

"அத்தை சொன்னதுங்க. இடி கேட்டா எனக்குக் கை தானா போகுது. நீங்க சொன்னா விட்டுருவேன், ஆனா எதுக்குன்னு சொல்லுங்க."

அப்போதுதான் சொன்னேன். விடுதி, ரேடியோ, திருப்பிவிட்ட கை, சொன்ன பொய், எல்லாவற்றையும். இத்தனை வருசத்தில் முதல் தடவை. அவள் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அவள் கழற்றவில்லை. பயத்தில் காதைப் பொத்திக்கொண்டு, கணினி இருந்த அறையின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான் வந்தபோது எழுபத்தொன்று. இன்னும் ஒரு நாள் போதும் என்றேன். அன்று இரவு மழையில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. அது வந்தபோது அந்த மனிதர் கோப்பை எடுத்துவிட்டிருந்தார். தளத்தில் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. முழுதாக எடுத்தவர்கள் யாராவது இருந்திருந்தால், மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

இருந்ததைத் திறந்தோம். ஓட்டை ஓட்டையாக ஓடியது. நாதஸ்வரம், ஒரு கிழவர், இரைச்சல். பிறகு, "நாங்க தோட்டத்துலேர்ந்து வாறோமுங்க." அதே வரி. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் இருந்த துண்டுகள் வரவில்லை, வெறும் மௌனம். திரையில் நேரக் கோடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பற்றிப் பேசிய இடம் அதுதான் போலும். மௌனம் முடிந்ததும் அறிவிப்பாளரின் குரல் பாதியில் தொடங்கியது. உங்கள் மகன் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாரா அம்மா என்று கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை.

"கேப்பானுங்க. எம்புள்ள கட்டாயம் கேப்பான்."

நான் நிறுத்தவில்லை. அவளுக்குப் பின் பேசியவர்களையும் கடைசிவரை கேட்டேன். அந்த மென்பொருளை இன்றும் மூடவில்லை. மீதி எவரிடமாவது இருந்து, எவராவது திறந்தால் தானாக வந்து சேரும். அது நடக்கும் என்று நம்புகிறேனா என்று மனைவி ஒரு தடவை கேட்டாள்.  அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நமுனுகுல மலைப் பக்கம் ஓர் உறுமல் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து போய்ப் பிளக்கைக் கழற்றினோம்.