என் கழுத்துக்கு வந்த கயிறு

எங்கள் பக்கத்தில் குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மூன்று முறை கட்டியவர். கயிறு கழுத்தில் இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார். கெடு முடிந்து அவிழ்த்த அன்றைக்கே, விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார். சாமியிடம் மட்டும் எத்தனை நேர்மை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ரத்த வாந்தி எடுத்துப் பிழைத்து வந்ததும் நாலாவது கயிறு கட்டினோம். மாத்திரையும் போதவில்லை என்று டாக்டர் சென்னைக்கு அனுப்பினார். "தலையைத் திறக்க மாட்டாங்க. வெளிய இருந்தே காந்தத்தால மூளையைத் தூண்டுவாங்க. சிலருக்குக் குடிக்கிற வெறி குறையுது. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் நாள், மெஷின் அறையில் இருந்த பெண் கழுத்தில் உலோகம் எதுவும் கூடாது என்றாள். கயிற்றில் செப்புத் தாயத்து இருந்தது.

"இத்த அவுத்தா சத்தியம் போச்சுமே" என்றார் இவர். அந்தக் குரலில் பயம் பாதி, ஆசை பாதி. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

வெடுக்கென்று கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "இப்ப என் கழுத்துல கீது. சத்தியம் எங்கயும் போவல. போய் உக்காருய்யா."

உள்ளே மெஷின் மரங்கொத்தி மாதிரி கொத்தியது. எனக்கு வெளியே உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முடிந்ததும் கயிற்றை அவர் கழுத்தில் போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டவிட்டேன். தினமும் இதே கதை.

மூன்றாவது வாரம் ஒருநாள் ரயிலைப் பிடிக்க ஓடினோம். மீஞ்சூரில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. "டீ குடிச்சிட்டு வரேன்" என்று இறங்கினார். முந்தானையைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனேன். கயிறு என் கழுத்திலேயே இருந்தது!

அடித்துப் பிடித்து இறங்கினேன். டீக்கடையில் ஆள் இல்லை. வண்டியும் போய்விட்டது. பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவரைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், மறதி பிடித்த என்னைத் திட்டினேன். அரைமணி நேரம் கழித்து வெளிவாசல் வழியாக வந்தார். முகத்தைப் பார்க்குமுன் மூச்சைத்தான் மோந்தேன். பழக்கதோஷம். வாடை இல்லை.

"எங்கய்யா போன?"

"ஒயின் ஷாப்புக்குத்தான். கழுத்தத் தொட்டேன், கயிறு இல்ல. இன்னிக்கு எந்தச் சாமியும் கேக்காதுன்னு போய் க்யூல நின்னேன்."

"அப்புறம்?"

"நின்னுகினே இருந்தேன். என் முறை வந்துச்சு. எப்பவும் கை நடுங்கும், நாக்கு ஊறும். அது வரல. இன்னாத்துக்கு வந்தோம்னு இருந்துச்சு. திரும்பிட்டேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றைக் கழற்றி அவர் கழுத்தில் போடப் போனேன். தலையை விலக்கிக்கொண்டார். "உன்கிட்டயே இருக்கட்டும்மே."

சந்தோஷப்பட வேண்டியவள், பயந்து செத்தேன். அடுத்த வண்டியில் கும்மிடிப்பூண்டி வரும்வரை அவர் சட்டை நுனியை விடவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. இன்றுவரை குடிக்கவில்லை. கயிற்றின் கெடு போன மாதமே முடிந்துவிட்டது. "அவுத்துடேன், அரிக்கலயா?" என்று சிரிக்கிறார். அரிக்கத்தான் செய்கிறது. அவிழ்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.