‘தொடரும்’ மேல் ஒட்டிய காகிதம்

1. முதல் நாள்

வண்ணார்பேட்டையில் ஒரு லெண்டிங் லைப்ரரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்விதான். “நீ படிப்பியா?”

நான் பி.ஏ. சான்றிதழை எடுத்து நீட்டினேன்.

“அந்தப் படிப்பு கெடக்கட்டும் பிள்ள. கதை படிப்பியான்னு கேக்கேன்.”

படிப்பேனாவது! கடலைப் பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட நான் விட்டதில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் விரித்து, அம்மாவிடம் அகப்பைக் காம்பால் அடி வாங்கியிருக்கிறேன். அதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்து, “அப்ப நாளையிலருந்து வா” என்றார்.

அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம், “எந்தப் புஸ்தகம்னாலும் செல்விட்ட கேளுங்க, அது படிக்காதது இங்கன ஒண்ணும் கெடையாது” என்று அளப்பார். எனக்கும் தலைகால் புரியாது. எந்தக் கதையைக் கேட்டாலும், நல்லதா கெட்டதா என்று கணீரென்று ஒரு தீர்ப்புச் சொல்வேன்.

2. கத்தரியும் பசையும்

எங்கள் லைப்ரரியில் அதிகம் வாடகைக்குப் போனது பைண்டு செய்த தொடர்கதைகள்தான். வாரப் பத்திரிகைகள் புதிதாக இருக்கும்வரை அப்படியே போகும். பழசானதும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் நான் பிரித்தெடுத்து, வார வரிசையில் அடுக்கி, தைத்து, அட்டை போடுவேன். ஒவ்வொரு வாரத்தின் கடைசியிலும் ‘தொடரும்’ என்றிருக்கும். “அதப் பாத்தா பழைய பேப்பர் மாதிரில்லா இருக்கு” என்பது அண்ணாச்சியின் குறை. ஆகவே ஒவ்வொரு ‘தொடரும்’ மேலும் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டிவிட வேண்டும். கை ஒட்டும், கண் கதையில் இருக்கும்.

அப்படி பைண்டு செய்த கதைகளில் ஒன்று பாக்கியம் என்ற பெண்ணைப் பற்றியது. அவள் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். பதினோரு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பிறகு கையை எடுத்துவிட்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்க அடுக்களைக்குப் போகிறாள். அத்தோடு கதை முடிந்தது. எனக்குப் புல்லரித்துப்போனது. படித்தவர்கள் எல்லோரும், “முடிவுன்னா இதுல்லா முடிவு” என்றார்கள்.

மரகதம் அக்கா அதை மூன்று முறை எடுத்துப் போனாள். பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்பது வயதிருக்கும். அவள் வீட்டுக்காரர் அவளை விட்டுவிட்டு வடக்கே போய் வருடக்கணக்காகிறது என்பது எங்களுக்குத் தெரியும். மூன்றாம் முறை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்:

“அவிய லெட்டர் போட்டிருக்காவ செல்வி. திரும்பி வரட்டுமான்னு கேக்காவ.”

“நீங்க என்ன எழுதப்போறீய?”

“பாக்கியம் என்ன செஞ்சா? அடுப்பப் பாக்கப் போயிட்டாள்லா? நானும் எஞ் சோலியப் பாக்கேன்.”

கதை படிப்பதால் என்ன பிரயோசனம் என்று அம்மா கேட்பாளே, இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவ்வளவு பெருமை எனக்கு.

3. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பை

அடுத்த வாரம், அம்பாசமுத்திரத்துக்குக் குடிமாறிப் போன ஒரு வாடிக்கையாளர் மாதக்கணக்கில் வைத்திருந்த பழைய இதழ்களை ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தேன். ஓர் இதழில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். உலையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள், கதவைத் திறக்கிறாள். அவன் அழுகிறான். அவள் சோறு போடுகிறாள். கீழே ‘முற்றும்’.

ஓடிப்போய் அலமாரியிலிருந்து பைண்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்துத் துண்டுக் காகிதத்தில் தண்ணீர் தொட்டு நகத்தால் சுரண்டினேன். ‘தொடரும்’ என்று பல்லை இளித்தது. இந்தக் கடைசி இதழ் வந்த வாரம் நான் என் கூடப்பிறந்த அக்கா கல்யாணத்துக்கு நாங்குநேரி போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது புதுத் தொடர் ஆரம்பமாகியிருந்தது. பழையது முடிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி ஒட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“கூறுகெட்ட பிள்ள! எடுத்து ஒட்டு, முடிஞ்சது சோலி.”

அவருக்கு முடிந்தது. எனக்கு இரண்டு நாளாகியும் முடியவில்லை. என் துண்டுக் காகிதத்தால் ஒரு குடும்பம் சேராமல் போய்விடுமோ? மரகதம் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றால், அவள் பதில் போட்டு முடித்திருந்தால்? சொல்லாவிட்டால் பாவமில்லையா? கதையில் பாக்கியம் திறந்தாள் என்பதற்காக அக்காவும் திறக்க வேண்டுமா என்ன? கதைதானே என்று தள்ளவும் முடியவில்லை. எதற்கும் தீர்ப்புச் சொல்கிறவளுக்கு மண்டை காய்ந்துபோனது.

4. மத்தியானச் சாப்பாட்டு நேரம்

மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஆபீஸில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, பக்கங்களை நீட்டினேன். படத்தை மட்டும் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினாள்.

“இத நான் அந்த வாரமே படிச்சிட்டேன் பிள்ள. இங்க எல்லாரும் சேந்து வாங்குதோம்லா, சுத்துக்கு வரும்.”

“அப்ப முடிவு தெரிஞ்சும் மூணு தடவையா எடுத்தீய?”

“கதவத் தெறந்த பக்கத்தக் கிழிச்சிப்போடணும்னுதான் மொதத் தடவ எடுத்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. பாத்தா, நீயே கிழிச்சி வச்சிருக்க. ஒரே சந்தோசம்.”

“நான் கிழிக்கல அக்கா. தப்பா ஒட்டிட்டேன்.”

“எதுவோ. உம் புஸ்தகத்துலதான் அவ தெறக்கல.”

கைப்பையிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்தாள். வீட்டுக்காரர் முகவரி மட்டும் எழுதியிருந்தது, உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

“உம் புஸ்தகத்தப் படிச்சா அது சரின்னு தோணுது. இந்தப் பக்கத்த நெனச்சா இதும் சரின்னுதான் தோணுது. எல்லாம் படிச்சவள்லா நீ, சொல்லு. எந்த முடிவு நல்லாருக்கு?”

“தெரியல அக்கா” என்றேன். அந்த வேலையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பாதிச் சோற்றை டப்பா மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

5. நாலாவது தடவை

பக்கங்களை நான் ஒட்டவில்லை. பின்னட்டையில் தேதிச் சீட்டு செருகும் பைக்குள் மடித்து வைத்தேன். கேட்கிறவர்கள் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மரகதம் அக்கா அதே புத்தகத்தை நாலாவது தடவை எடுத்துப் போனாள். திருப்பிக் கொடுத்தபோது பின்னட்டைப் பை காலியாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக் கடைசியைப் புரட்டினேன். மடித்து வைத்த பக்கங்கள் உரிய இடத்தில், சற்றுக் கோணலாக, ஆபீஸ் பசையால் ஒட்டப்பட்டிருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன்.

“தெறந்துட்டேன் பிள்ள” என்றாள். “சரியா தப்பான்னு தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. அடுத்த புத்தகம் எடுத்துக் கொடுத்து, தேதி போட்டு அனுப்பினேன். அதன்பிறகு நான் எந்தத் ‘தொடரும்’ மேலும் காகிதம் ஒட்டவில்லை. பழைய பேப்பர் மாதிரி இருக்கிறது என்று அண்ணாச்சி திட்டிக்கொண்டேதான் இருந்தார்.