மூன்றாவது மூடியோடு எழுந்துவிட்டேன்

இன்று மத்தியானம் செல்வராஜ் அண்ணாச்சி வீட்டில் ஒயின் ருசி பார்த்தோம். கிறிஸ்துமஸுக்காக எங்கள் தெருவில் ஆறு வீடுகள் ஊறப்போட்ட திராட்சை ஒயின். வீட்டுக்கு ஒரு இருமல் மருந்து மூடி அளவுதான். ஆனால் ஒரு வீட்டுடையதைக் குடித்துவிட்டு இன்னொரு வீட்டை விட்டால், அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேச்சுவார்த்தை கிடையாது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண் ஆபரேஷன் முடிந்த ரோசம்மா டீச்சரை நாலு மணிக்கு என் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். மணி பார்க்கிறேன், உட்காருகிறேன், எழுகிறேன்.

“ஏம்ல, பாயில எறும்பா ஊருது?” என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது மூடி அவருடையது. சுத்தப் புளிப்பு. நானோ, “அமிர்தம் அண்ணாச்சி!” என்று கை தட்டினேன். தட்டிய பிறகுதான் பயம் வந்தது. இதையே புகழ்கிறேன் என்றால் தலைக்கு ஏறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அடுத்து ஸ்டெல்லா அக்கா மூடியை நீட்டினார்.

“போதும்க்கா, வண்டி எடுக்கணும்.”

“எங்க வீட்டுது மட்டும் வெசமாக்கும்?”

வெளியே வந்து, எங்கள் ஸ்டாண்டில் ஓட்டும் காதர் பாய்க்கு போன் போட்டு அந்தச் சவாரியைக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். “பாய் குலுங்காம கொண்டாந்து விட்டாருப்பா. இனி அவரையே வரச் சொல்லுதியா?”

நான் செய்தது சரி என்று யாராவது கீழே எழுதுங்கள். ருசிக்காமல் விட்டதில் ஒன்று என் வீட்டம்மா போட்டது.