கப்பல்ல ரெண்டே பேருக்கு ஒரு சூட் ரூம்

பெரம்பலூர்ல பத்தொன்பது வருஷமா பந்தலும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுறவ நான். இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கல்யாண மண்டபத்துல எந்தக் குழாய்ல தண்ணி வராது, எந்த ரூமுக்குள்ள சமையக்கட்டுப் புகை வரும், எந்த மேனேஜர் ஜெனரேட்டர் இருக்குன்னு சொல்லிட்டுக் கடைசி நேரத்துல டீசல் இல்லன்னு கையை விரிப்பாரு, எல்லாம் எனக்கு மனப்பாடம். என்கிட்ட கதை விட்டுட்டுத் தப்பிச்சுப்போன மண்டபத்துக்காரர் ஒருத்தரும் கெடையாது. அதனால, பேரே கேள்விப்படாத ஒரு கப்பல் கம்பெனியில சூட் ரூம் புக் பண்ணணும்னு முடிவு பண்ணப்ப எனக்குத் துளி பயம் இல்ல. மண்டபம் தரையில நிக்குது, கப்பல் தண்ணியில போவுது. கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் ஒண்ணுதான்.

எதுக்குக் கப்பலுன்னு எல்லாரும் கேட்டாங்க. சொல்றேன். வேன்ல போனா எடம் இல்லாட்டியும் இன்னும் ரெண்டு பேரு ஏறிக்குவாங்க. நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவாங்க. கப்பல்ல அது நடக்காது. பேரு இருந்தாத்தான் ஏற முடியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். புதுசுல ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனோம். ரெண்டு பேரு மட்டுமான்னு கேக்காதீங்க, பதினோரு பேரு. பழனிக்கு ஒரு வேன், வேளாங்கண்ணிக்கு ஒரு வேன், ஊட்டிக்கு ரெண்டு வேன். ஊட்டியில பொம்பளைங்க எல்லாம் ஒரு ரூம்பு, ஆம்பளைங்க எல்லாம் ஒரு ரூம்பு. எங்க வூட்டுக்காரரை நான் காலையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பாத்து, "சாப்டீங்களா?"ன்னு கேட்டேன், ஏதோ தெரிஞ்சவங்களை விசாரிக்கிற மாதிரி. வூட்டுலயும் கூட்டுக் குடும்பம்தான். கொழுந்தனாரு, அவரு சம்சாரம், புள்ளைங்கன்னு எந்நேரமும் ஒம்போது பேரு. அவரு விடியறதுக்குள்ள வயலுக்குப் போயிடுவாரு, நான் கடைக்கு வந்துடுவேன். குத்தம் சொல்லல, நல்ல மனுஷங்கதான் எல்லாரும். ஆனா எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. நாலு நாளு, நானும் அவரும், வேற ஒருத்தரும் இல்லாம. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

டவுன்ல டிராவல்ஸ் ஆபீஸ் வச்சிருக்கற தம்பிக்கு லப்பைக்குடிக்காடு. அந்த ஊர்ல பாதி ஆம்பளைங்களை வளைகுடாவுக்கு ஏத்தி அனுப்புனது அவருதான்னு சொல்லுவாங்க. சென்னையில ஏறி இலங்கைப் பக்கம் போயிட்டு நாலாம் நாள் திரும்புற கப்பல் இருக்காமே, அதுல ஒரு சூட் ரூம் வேணும்னு சொன்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு.

"அக்கா, உண்மையைச் சொல்லிடுறேன். மக்காவுக்கு உம்ராவா, துபாயா, சவுதியா, கண்ணை மூடிகிட்டு டிக்கெட் போடுவேன். இந்தக் கம்பெனி எனக்கே புதுசு. இதுவரைக்கும் ஒருத்தரையும் அனுப்புனதில்ல."

"பரவால்ல தம்பி. நீங்க போனைப் போட்டுக் குடுங்க, கேக்கறதை நான் கேட்டுக்கறேன்"னேன்.

மொதல்ல போட்டோ அனுப்புனாங்க. பெரிய கட்டிலு, பெரிய சோபா, பால்கனி, குளிக்கிற தொட்டி. போட்டோவுக்கெல்லாம் மயங்குறவ நான் இல்ல. மண்டபத்துக்காரங்களும் என்னைக்கோ பெயிண்ட் அடிச்சப்ப எடுத்த படத்தைத்தான் காட்டுவாங்க. "இது எனக்குக் குடுக்கப்போற ரூம்பா, இல்ல உங்க கப்பல்லயே நல்ல ரூம்பா?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் பேசுன பொண்ணு யாரையோ கேட்டுட்டு வந்துச்சு. அப்புறம்தான் வெவரம் வந்துச்சு. சூட்டுன்னு ஒரே பேருல அவங்களே ரெண்டு தினுசு வச்சிருக்காங்க. ஒண்ணுல படுக்கறது தனி ரூம்பு, உக்கார்றது தனி ரூம்பு. இன்னொண்ணுல நடுவுல ஒரு திரை, அவ்வளவுதான். வேற ஒரு கம்பெனியில சூட்டுன்னா கட்டிலு கூட ஒரு சோபா மட்டுமாம். அதனால சொல்றேன், பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, செவுரு எங்க இருக்குன்னு கேளுங்க. நான் நடுவுல செவுரு வச்சதையே எடுத்தேன்.

அடுத்து ரூம் நம்பரு. "அது கெளம்பறதுக்கு முன்னாடி நாங்களே ஒதுக்குவோம் மேடம்"னு சொல்லுச்சு. ஓஹோன்னேன். நம்பர் இல்லாம ஒரு பைசா முன்பணம் கெடையாதுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். கப்பல்ல மாடியை டெக்குங்கறாங்க. ஒவ்வொரு டெக்குக்கும் வரைபடம் வாங்கி, அந்தத் தம்பி மேசையில விரிச்சுப் போட்டுப் பாத்தோம். எனக்குத் தரேன்னு சொன்ன ரூம்புக்கு நேர் மேல என்ன இருந்துச்சு தெரியுமா? நீச்சல் குளம். சுத்தி அத்தனையும் நாற்காலி. தலைக்கு மேல நாற்காலி இழுக்கற சத்தம் எப்படி இருக்கும்னு என்கிட்ட கேளுங்க, என் கடையில ரெண்டாயிரம் நாற்காலி இருக்கு! கீழ் டெக்குல, கப்பலுக்கு நடுவுல, மேலயும் கீழயும் படுக்கற ரூம்பா இருக்கற எடமாப் பாத்து மாத்திகிட்டேன். நடுவுல இருந்தா ஆட்டமும் கம்மின்னு அந்தப் பொண்ணே ஒத்துகிச்சு.

சாப்பாடு எந்தெந்த ஹோட்டல்ல சேத்தி, எதுக்குத் தனிக் காசு, சூட்டுக்காரங்களுக்குத் தனியா சாப்பிடற எடம் உண்டா, துறைமுகக் கட்டணமும் ரூம் பாக்கறவங்களுக்குக் குடுக்கற சர்வீஸ் காசும் இதுக்குள்ள அடக்கமா, வரமுடியாமப் போனா எவ்வளவு பிடிப்பாங்க, எல்லாத்தையும் வாயால சொன்னா போதாது, மெயில்ல எழுதி அனுப்பச் சொன்னேன். எழுதுனதுல ரெண்டு எடத்துல பேச்சு மாறியிருந்துச்சு. மறுபடி போனைப் போட்டு உலுக்கினேன்.

கடைசியா ஒரு கேள்வி. கட்டிலு ரெண்டா, ஒண்ணா? தம்பி ஜன்னலைப் பாத்துகிட்டு, "ரெண்டு ஒத்தைக் கட்டிலாவும் போடுவாங்களாம், சேத்தும் போடுவாங்களாம்க்கா"ன்னாரு.

"சேத்தே போடச் சொல்லுங்க"ன்னேன்.

"சரிக்கா." காது ரெண்டும் செவந்துபோச்சு அந்தப் புள்ளைக்கு.

எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு அதிகம் பேசற ஆளு இல்ல. "ம்"னாரு. அவரு அகராதியில அது சம்மதம்தான். திருச்சிக்குப் போயி பாஸ்போர்ட்டு எடுத்தோம். நானும் நாலு சுடிதார் தைக்கக் குடுத்தேன், ஆமா, இந்த வயசுலதான்.

நடுவுல அவரு விக்கிரமங்கலத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு வந்தாரு. அங்கதான் என் நாத்தனாரைக் கட்டிக் குடுத்திருக்கு, அவருக்கு மூத்தவங்க. வந்ததுலேர்ந்து ஆளு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தாரு. கப்பலை நெனச்சுத்தான்னு நானா நெனச்சுகிட்டேன். ஒரு வாரம் கழிச்சு, கடையில அண்டா எண்ணிகிட்டு இருக்கப்ப, டிராவல்ஸ் தம்பி வாட்ஸாப்புல முடிவான பேப்பரை அனுப்பினாரு. பேரைப் படிச்சேன். என் பேரு, அவரு பேரு, நாத்தனார் பேரு, நாத்தனார் வூட்டுக்காரர் பேரு.

எனக்கு எப்படிப் பத்திகிட்டு வந்துச்சுன்னு சொல்ல முடியாது. போனைப் போட்டேன்.

"தம்பி, என்ன இது?"

"உங்க வூட்டு அண்ணன்தான்க்கா ஆபீசுக்கு வந்து சொன்னாரு. சூட்டுல நாலு பேரு வரைக்கும் தங்கலாம்ல, வெளி ரூம்புல சோபாவை விரிச்சா கட்டிலாயிடும். நீங்கதான் சொல்லியனுப்புனீங்கன்னு நெனச்சேன். அல்லா சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

அந்தத் தம்பியைத் திட்டி என்ன ஆகப்போவுது? வூட்டுக்குள்ளயே கோட்டை விட்டிருக்கேன் நான். நாத்தனாருக்கு மகன் சிங்கப்பூர்ல, பாஸ்போர்ட்டும் தயாரா இருந்திருக்கு. ஊரு உலகத்துல இருக்கற கேள்வியெல்லாம் கேட்டவ, எத்தனை பேரு தங்கலாம்னு மட்டும் கேக்கல. ரெண்டு பேருக்குத்தானே எடுக்கறோம், அதை எதுக்குக் கேக்கணும்னு நெனச்சுட்டேன். ரூம்பு எவ்வளவு பெருசோ அவ்வளவு ஆளு படுக்கலாங்கறது எங்க ஊரு கணக்கு. மண்டபத்துல மாப்ள வூட்டு ரூம்பு ஒண்ணுல முப்பது பேரு படுத்து எந்திரிக்கறதை நானே பாயும் தலையணையும் குடுத்துப் பாத்தவதானே. சின்ன ரூம்பா எடுத்திருந்தா தப்பிச்சிருப்பேன்.

ஸ்கூட்டியை எடுத்துகிட்டு அரியலூர் ரோட்டுல விட்டேன். எதுத்தாப்புல சிமெண்டு லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுது, நானும் திருப்பி அடிச்சேன். எங்க வயலுக்குப் பக்கத்துல ரோட்டோரமா மக்காச்சோளத்தைக் காயப்போட்டுட்டு அவரு காலால கிண்டிவிட்டுகிட்டு இருந்தாரு. வண்டியை நிறுத்துனதுதான் தெரியும், கொட்டித் தீத்துட்டேன்.

"நீங்களும் உங்க அக்காவும் மச்சானும் போயிட்டு வாங்க. நான் வரல. என் பேரை எடுக்கச் சொல்லப்போறேன்."

"ஏன், ரூம்பு பெருசாத்தானே இருக்கு. அவங்க ஹால்ல படுத்துக்குவாங்க."

"எனக்கு அவங்க எங்க படுக்கறாங்கங்கறது பேச்சு இல்ல. நாம ரெண்டு பேரு மட்டும் போவணும்னு சொன்னேனா இல்லியா? தலையை ஆட்டுனீங்களா இல்லியா? அப்புறம் எதுக்கு எனக்குத் தெரியாமப் போயி பேரைச் சேத்தீங்க? பதிலைச் சொல்லுங்க."

அவரு சோளத்தைக் கிண்டிகிட்டே அந்தக் கோடி வரைக்கும் போனாரு. திரும்பி வந்தாரு. நான் நகரல. என் மூஞ்சியைப் பாக்காம சொன்னாரு.

"நாலு நாளு. நீயும் நானும் மட்டும். என்ன பேசறதுன்னு பயமா இருந்துச்சு."

நான் என்னென்னமோ பதிலுக்குத் தயாரா வந்தேன். அக்கா ஆசைப்பட்டுச்சு, மச்சான் கேட்டாரு, எடம் வீணாப் போவுதேன்னு. எல்லாத்துக்கும் நறுக்குனு சொல்ல வார்த்தை வச்சிருந்தேன். இது அந்தக் கணக்குலயே இல்ல. ஐயோ, இந்த மனுஷன் என்னைப் பாத்துப் பயப்படறாரே. இருபத்தேழு வருஷமா சொந்தக்காரங்க எங்க நடுவுல வந்து வந்து நின்னாங்கன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். அவருதான் கூப்புட்டு நிறுத்தியிருக்காரு. நானும் வாயாடி, கடையில ஊருக்கே பேசறவ, இவருகிட்ட என்ன பேசியிருக்கேன்? அரிசி தீந்துபோச்சு, கேஸுக்குச் சொல்லுங்க, மோட்டாரை நிறுத்துங்க. கோவம் இருந்த எடத்துல அழுகை வந்துச்சு. அதையும் மறைக்கல, அங்கயே ரோட்டோரமா நின்னு அழுதேன்.

"உங்களை யாரு பேசச் சொன்னா?"ன்னேன் மூக்கைத் தொடச்சுகிட்டு. "பேசாமலே இருங்க. நாலு நாளும் கம்முனு கடலைப் பாத்துகிட்டு உக்காந்திருங்க. ஆனா என்கூட இருங்க."

"சரி"ன்னாரு.

"உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். இப்பவே."

போனைக் கையில வச்சுகிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. நானும் நின்னேன். அப்புறம் போட்டாரு. "அக்கா, நாங்க ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வரோம்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, அந்தப் பக்கம் வந்த பேச்செல்லாம் "ம், ம்"னு வாங்கிகிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள விக்கிரமங்கலம் பூரா சேதி போயிடுச்சு, அவங்க தம்பியை நான் முந்தானையில முடிஞ்சுகிட்டேன்னு. ஆமா, முடிஞ்சுகிட்டேன். இப்ப என்னாங்கறீங்க? நாத்தனார் ரெண்டு மாசம் என்கூடப் பேசல, மூணாவது மாசம் பேரன் பொறந்தநாளுக்கு அண்டா கேட்டுத் தானா போன் பண்ணாங்க. நானும் பழைய அண்டாவா குடுக்காம நல்ல அண்டாவாத்தான் குடுத்தேன்.

கப்பல்ல ஏறுனோம். ரூம்பு போட்டோவுல இருந்ததை விடச் சின்னது, அது நான் எதிர்பாத்ததுதான். பால்கனி சொன்னபடி இருந்துச்சு. தலைக்கு மேல சத்தம் இல்ல. கட்டிலைச் சேத்துப் போட்டிருந்தாங்க. அவரு உள்ள வந்ததும் எல்லாக் குழாயையும் தெறந்து தெறந்து பாத்தாரு, அலமாரியைத் தட்டிப் பாத்தாரு, சோபாவுல ஒரு ஓரமா உக்காந்தாரு. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் நாங்க பேசுனது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். இவரு பயந்தது நெசந்தான் போலன்னு படுத்தேன்.

மறுநா காலையில ரூம் பாக்கற பையன் பால்கனியில காபித் தட்டைக் கொண்டாந்து வச்சான். டிகாஷன் தனி, பாலு தனி, சக்கரை தனி. நான் பழக்கதோஷத்துல கலக்க எந்திரிச்சேன். "உக்காரு"ன்னு சொல்லிட்டு அவரே ரெண்டு கப்பை இழுத்து வச்சுகிட்டாரு. டிகாஷனை ஊத்துனாரு, பாலை ஊத்துனாரு, கொஞ்சம் சிந்துனாரு. சக்கரை டப்பாவைத் தெறந்து ஸ்பூனைக் கையில எடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு.

வூட்டுல ஒம்போது பேருக்கும் காபி நான்தான் போடறேன். எல்லாரும் குடிச்சப்புறம் சமையக்கட்டுல நின்னுகிட்டே என் டம்ளரைக் குடிச்சுட்டு அலசி வச்சுடுவேன். நான் காபி குடிச்சு அவரு பாத்ததே இல்ல.

"ஒனக்கு எத்தனை ஸ்பூனு?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு அவருக்கே மூஞ்சி சுருங்கிப்போச்சு. "இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியல பாரு."

"போடுங்க. போதும்னா சொல்றேன்"ன்னேன்.

ஒரு ஸ்பூன் போட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. ரெண்டாவது போட்டுட்டுப் பாத்தாரு. நான் குடிக்கிறது எப்பவும் ஒரு ஸ்பூன்தான். ஆனா அவரு மூணாவதையும் போட்டுட்டு நிமிந்து பாக்கற வரைக்கும் நான் வாயைத் தெறக்கல.